நனைந்த கேன்வாஸை மடிக்கக் கூடாது

ஜூலை 6, ஞாயிறு

இன்று மதியம், சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே, என் மனைவி பூங்கோதை கொல்லிமலையில் கூடாரம் போடப்போவதாக அறிவித்தாள். அவள் அம்மா வழியில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் வந்திருக்கிறது. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மீதியெல்லாம் முள். அதில் மூன்று கூடாரம் அடித்து, சனி ஞாயிறில் மலையேறி வருகிறவர்களைத் தங்கவைக்கப் போகிறாளாம்.

நான் நாமக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் பல வருடமாகப் பொருளாதாரம் நடத்துகிறவன். முதலீடு, தேவை, அளிப்பு என்று ஏதாவது கேட்பாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் மேசையில் துணித் துண்டுகளைப் பரப்பிவிட்டுக் கேட்டது இதுதான்: "ஏனுங்க, நைலான் டென்ட்டு வாங்கறதா, பருத்தி கேன்வாஸ் வாங்கறதா?"

"சர்க்கஸ்னு முடிவாயிட்டா துணி எதுவா இருந்தா என்ன கோதை? கோமாளிக்கு ஆள் எடுத்தாச்சா, இல்ல அதுவும் நீயேவா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாளை இரண்டாமாண்டு வகுப்பில் எங்காவது நுழைத்துவிடலாம். அவள் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரசம் நன்றாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

வீடு ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது. குளியலறையில் இரண்டு வாளி. ஒன்றின் வாயில் நைலான், மற்றதில் கேன்வாஸ், இழுத்துக் கட்டி மேலே தண்ணீர் ஊற்றியிருந்தாள். காலையில் பார்த்தால் நைலானுக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. கேன்வாஸ் லேசாகக் கசிந்திருந்தது. நான் நைலான் வென்றதாகத் தீர்ப்பு வழங்கிவிட்டுப் பல் தேய்க்கப் போனேன்.

தீர்ப்பு செல்லாதாம். இரண்டு வாளிக்குள்ளும் கொதிக்கிற தண்ணீர்ச் செம்பை வைத்து மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால், நைலானின் உட்புறமெங்கும் முத்து முத்தாக நீர். கேன்வாஸில் வெறும் ஈரம்.

"நைலான்ல மழை உள்ள வராதுங்க. ஆனா உள்ள படுக்கறவங்க மூச்சும் வெளிய போகாது. விடியறப்ப அவங்க மூச்சே அவங்க மேல சொட்டும். கேன்வாஸ் கனம், வெலையும் கூட, பாடும் கூட. ஆனா மூச்சு விடும்."

"அப்படியா? இந்த வீட்டுக்குள்ள மூச்சு விட உனக்கு என்ன கஷ்டம்?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

மாலையில் கூடாரம் தைக்கிற கரூர்க்காரர் ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். வட்டக் கூடாரம், நடுவில் ஒரே கம்பம், தையல் இரட்டையாக இருக்க வேண்டும், அடித்தார்ப்பாய் தனியாகக் கழற்றுகிற மாதிரி இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டும் தனித்தனியாகக் காயும். இத்தனை விவரத்தை அவள் என்னோடு பேசி நான் கேட்டதில்லை. கரூர்க்காரர் பொறுமைசாலி போலிருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

கூடாரங்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு எருமைக்கன்று கனம். அதே வேனில் அவளும் மலைக்குப் போகிறாள். "ஒரு வாரம் ஆகுமுங்க" என்றாள். எடுத்துக்கொண்டவை: குக்கர், இரண்டு ஸ்வெட்டர், அவளுடைய பீரோ சாவி, தையல் மிஷின்.

ஒரு வாரத்துக்கு எதற்குத் தையல் மிஷின் என்று கேட்கவில்லை. கூடாரம் கிழிந்தால் தைக்க என்பாள். தொழில் முனைவோர் எதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

ஒரு வாரம் ஆயிற்று. தோசை மாவு பொங்கி ஃப்ரிட்ஜுக்குள் வழிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று மேற்பார்வைக்காக மலைக்குப் போனேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. பாதி வளைவிலேயே காலை இட்லி விடைபெற்றுக்கொண்டது. தள்ளாடிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், வெள்ளை வெளேரென்று நிற்கிற மூன்று புதுக் கூடாரங்களுக்கு என் மனைவி ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"மாடு குளிப்பாட்டற மாதிரி இருக்கு கோதை. அடுத்து பொட்டு வெப்பியா?"

"புதுத் துணிங்க. தையல்ல ஊசி போன ஓட்டை எல்லாம் தொறந்தே இருக்கும். நல்லா நனைச்சா நூல் ஊதி அடைச்சுக்கும். காயவெச்சு, மறுபடி நனைச்சு, மறுபடி காயவெக்கணும். அப்புறந்தான் மழைக்குத் தாங்கும்."

எப்போது வீட்டுக்கு வருகிறாய் என்று கேட்டேன். காயணுமே என்றாள். வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

தட்டில் பலாப்பழம் வைத்துக் கொடுத்தாள். எனக்குப் படுக்கை இரண்டாம் கூடாரத்தில் போட்டிருந்தாள். அவள் முதலாவதில். வருகிற விருந்தாளிக்கு எப்படி இருக்கும் என்று என்னை வைத்துச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். வியாபார மூளை வளர்ந்திருக்கிறது. இன்று காலையில் "தூக்கம் வந்துச்சுங்களா?" என்றுகூடக் கேட்டாள், எல்லா விருந்தாளியையும் கேட்பது போல.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மறுபடி மேற்பார்வை. மழை. கூடாரத்துக்குள் இருக்கும்போது துணியை உள்ளிருந்து தொடக் கூடாதாம். தொட்ட இடத்தில் நீர் உள்ளே இறங்கிவிடுமாம். ஒரு கல்லூரி ஆசிரியரிடம் இப்படிச் சொன்னால் அவன் தொட்டுத்தான் பார்ப்பான். ஆள்காட்டி விரலால் ஒரே ஒரு தொடல். பிறகு அந்த இடத்திலிருந்து சொட்டத் தொடங்கி, என் தலையணை, என் போர்வை, என் விடைத்தாள் கட்டு என்று வரிசையாக நனைத்தது.

அவள் குடையோடு வந்தாள். பார்த்தாள். கட்டிலை ஒரு முழம் நகர்த்திப்போட்டாள். சொட்டுகிற இடத்தில் மறுபடி விரல் வைத்து, அங்கிருந்து துணியோடு ஒட்டியே கீழ்வரை ஒரு கோடு இழுத்தாள். நீர் அந்தக் கோட்டோடு ஓடி ஓரத்தில் இறங்கிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

திட்டியிருக்கலாம். திட்டினால் பதில் வைத்திருந்தேன். வீணாகிவிட்டது.

ஆகஸ்ட் 25, திங்கள்

பெங்களூரிலிருந்து மகள் நிறைமதி போன் செய்தாள்.

"அப்பா, அம்மா உங்ககிட்ட பேசினாங்களா?"

"பேசாம என்ன? நேத்துகூட உப்பு இருக்கான்னு கேட்டா."

"அதில்லப்பா..." என்று இழுத்தாள். "சரி, அவங்களே சொல்லட்டும்."

என்ன சொல்லப்போகிறாள் என்று யோசித்தேன். நான்காவது கூடாரமாக இருக்கும்.

துறையில் எல்லாரும் விசாரிக்கிறார்கள். "மேடம் ஹோட்டல் முதலாளியாயிட்டாங்க, நான் வார இறுதிக் கணக்கப்பிள்ளை" என்று சொன்னேன். நல்ல வரவேற்பு.

செப்டம்பர் 7, ஞாயிறு

முதல் விருந்தாளிகள். சேலத்திலிருந்து ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும். நேற்று மாலை சாப்பாட்டின்போது தொழில் நடத்துகிறவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பரிமாறியதால், கலகலப்பூட்டும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். அவள் ஒரு காலத்தில் வங்கித் தேர்வு எழுதப்போன கதையைச் சொன்னேன். ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு, தேர்வு மையத்தின் வாசலில் ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு நின்றாளே, அந்தக் கதை. "அன்னிக்கு உள்ள விட்டிருந்தா நாட்டுல எல்லா வங்கியிலயும் இப்ப மண்ணெண்ணெய்தான் குடுத்திட்டிருப்பாங்க" என்று முடித்தேன். எங்கே சொன்னாலும் எடுபடுகிற கதை. டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. பல் கோளாறாக இருக்கலாம்.

பூங்கோதை அந்த நேரம் பார்த்து எழுந்து வெளியே போனாள். மேகம் கட்டுகிறதாம், கயிறெல்லாம் தளர்த்த வேண்டுமாம். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கி இறுகும், தளர்த்திவிடாவிட்டால் முளையைப் பிடுங்கிவிடும் என்பது அவள் விளக்கம். மழை வரவேயில்லை. ஆனாலும் வெகுநேரம் வெளியேதான் இருந்தாள்.

இன்று காலை டாக்டர் தம்பதி கிளம்பிய பிறகு சொன்னாள்: "அடுத்த வாரம் நீங்க வர வேண்டாமுங்க. விருந்தாளிங்க வர்றாங்க."

"அப்ப நான் யாரு?"

"அதத்தான் யோசிச்சிட்டிருக்கேன்."

நல்ல பதில். என்னிடமிருந்து கற்றிருக்கிறாள். பஸ்ஸில் மலை இறங்கும்போது வளைவுக்கு வளைவு அது ஞாபகம் வந்தது. கற்றுக்கொடுத்தவனுக்குப் பெருமைதானே.

செப்டம்பர் 13, சனி

போகவில்லை. எழுபது வளைவு மிச்சம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நிறைமதி வந்திருந்தாள். மலையில் ஒரு நாள், இங்கே ஒரு நாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்து என்னவோ சொன்னாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் மாற்ற வேண்டும். மின்கட்டணம் பாதியாகிவிட்டது. தனியாளாக இருப்பதில் உள்ள பொருளாதார நன்மைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

நிறைமதி சொன்னது: "அம்மா திரும்பி வர மாட்டாங்கப்பா. கூடாரத்துக்காக அங்க போகல. போறதுக்காகத்தான் கூடாரம் வாங்கினாங்க."

நான் சொன்னது: "அதுக்கு நைலானே போதுமே, சல்லிசா முடிஞ்சிருக்கும்."

அவள் பையை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல், மாலை பஸ்ஸுக்குப் பதில் மதிய பஸ்ஸுக்கே போய்விட்டாள். இதை நேற்று முன்தினமே எழுதியிருக்கலாம். வாஷர் வேலை இருந்தது.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டார் முறுக்கு கொடுத்தார்கள். வீட்டம்மா ஊரில் இல்லையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வேறொன்றும் தோன்றவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மலையில் விடாத மழையாம். மாலை போன் வந்தது. அவளே கூப்பிட்டாள்.

"நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன்."

"முளை புடுங்கறப்ப பாறை வழுக்கிக் கை மடங்கிருச்சுங்க. வலது கை. கட்டுப் போட்டிருக்காங்க, முறிவில்ல. ஒத்தாசைக்கு வர்ற ஊர்க்கார அம்மாவும் மக பிரசவத்துக்குப் போயிட்டாங்க. மூணும் நனைஞ்சு கெடக்குது. ஒண்ண ஈரத்தோடவே சுருட்டி வெச்சுட்டேன், அது எத்தன நாள் தாங்கும்னு தெரியல. வேற ஆள் கெடைக்கல."

வேற ஆள் கெடைக்கல. குறித்துக்கொண்டேன்.

"வர்றேன்" என்றேன்.

"வாங்க. ஆனா ஒண்ணுங்க. கிண்டல் பண்ணாம வேலை செய்யறதா இருந்தா மட்டும் வாங்க."

கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார்கள். துணி காயப்போட வேண்டும் என்றேன். வழக்கம்போலச் சிரித்தார்கள். ஆனால் நான் உண்மையைத்தான் சொல்லியிருந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

மழை விட்டிருந்தது. சுருட்டி வைத்ததைப் பிரித்தோம். ஊறவைத்து மறந்த பயறு வாடை. மடிப்பு மடிப்பாகக் கருப்புப் புள்ளி, பூசணம்.

"நனைஞ்சத மடிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள், யாரோ கேட்டுவிட்டதுபோல. "கை வரல. அதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் வராததால் துணியின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள்.

காப்பி காயவைக்கிற சிமென்ட் களத்தில் ஒவ்வொன்றாக விரித்தோம். வெயில் வரும், விரிப்போம். மேகம் வரும், இருவரும் ஆளுக்கொரு முனையாக இழுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடுவோம். மறுபடி வெயில் வரும். அவளால் இடது கையால் மட்டும்தான் பிடிக்க முடிந்தது. நனைந்த கேன்வாஸின் கனம் எனக்குப் புதிது. இதை இத்தனை வாரமாக இவள் எப்படித் தூக்கினாள் என்று தெரியவில்லை. சாயங்காலம் என் இடுப்பு எனக்கே அந்நியமாகிவிட்டது.

இன்று முழுக்க வாயில் வந்ததை விழுங்கினேன். ஓடும்போது வந்தது, விழுந்தபோது வந்தது, அவள் வெங்காயத்தை ஒரு கையால் உரித்தபோதும் வந்தது. வீணாவானேன், இங்கே எழுதி வைக்கலாமென்று பேனாவை எடுத்தேன். எழுதிப் பார்த்தால் ஒன்றுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை. அடித்துவிட்டேன்.

அக்டோபர் 25, சனி

இரண்டு கூடாரம் சுக்காகக் காய்ந்துவிட்டன. பூசணம் பிடித்ததுதான் மிச்சம். அது காய்ந்த பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தண்ணீர் படாமல் தட்டினேன். பிறகு தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, புள்ளி மேல் தடவி, நல்ல தண்ணீரில் அலசினோம். நான் சோப்பை எடுத்தேன். வேண்டாம் என்றாள். சோப்பு பட்டால் மழை தாங்குகிற பூச்சு போய்விடுமாம்.

கறை முழுசாகப் போகவில்லை. "கறை இருக்கட்டுமுங்க. பூசணம் செத்தாப் போதும், ஒழுகாது."

துணி காய்கிறவரை களத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். நேரே கேட்டுவிட்டேன்.

"நான் என்ன பண்ணினேன் கோதை?"

"ஒண்ணும் பண்ணலீங்க. குடிக்கல, அடிக்கல, சம்பளத்த மறைக்கல. ஊரே தங்கமான மனுசன்னுதான் சொல்லுது." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு துணியைப் பார்த்தபடியே பேசினாள். "நான் எதச் சொன்னாலும் அதுக்கு ஒண்ணு வெச்சிருப்பீங்க. எங்கம்மா செத்த அன்னிக்கும் வெச்சிருந்தீங்க. ஒண்ணு சொல்றதுக்கு முன்ன, இதுக்கு என்ன சொல்லுவாரோ, யார் முன்னாடி சொல்லுவாரோன்னு யோசிச்சு யோசிச்சு, சொல்றதையே விட்டுட்டேன். வீட்டுல ரெண்டு மூணு வருசமா நான் பேசறதே இல்லீங்க. நீங்க கவனிக்கல."

"கவனிச்சேன்."

"என்னன்னு நெனச்சீங்க?"

"நிம்மதியா இருக்கேன்னு நெனச்சேன்."

இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. எழுந்து போய்த் துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பரீட்சைக் கதை," என்றாள் பிறகு. "அன்னிக்கு முந்தின ராத்திரி நெறமதிக்குக் காய்ச்சல் அனலா அடிச்சுது. நீங்க திருச்சியில ஏதோ கருத்தரங்குல இருந்தீங்க. விடிய விடிய ஈரத்துணி போட்டு உக்காந்திருந்துட்டு, கையில கெடச்சத எடுத்துட்டு ஓடுனேன். அந்த வேலைக்கு ஒரு வருசம் படிச்சிருந்தேனுங்க. எத்தன பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க அத."

காய்ச்சல் விஷயம் எனக்குத் தெரியாது. அவள் சொல்லியிருக்க மாட்டாள். அல்லது சொன்னபோது நான் ரேஷன் கார்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

"நான் திரும்பி வரலீங்க" என்றாள்.

"சரி."

மேகம் வந்தது. ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

அக்டோபர் 27, திங்கள்

வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒருவன் தப்பான பதில் சொன்னான். எல்லாரும் ஆவலோடு என்னைப் பார்த்தார்கள். சரியான பதிலைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். உடம்பு சரியில்லையா சார் என்று கேட்டார்கள்.

நவம்பர் 5, புதன்

நிறைமதியிடம் பேசினேன். நான் கொஞ்சம்தான் பேசினேன். அவள் அலுவலகத்தில் ஒரு தொந்தரவு இருக்கிறதாம், ஆறு மாதமாக. இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நவம்பர் 15, சனி

அலசிய கூடாரத்துக்குப் புதிதாக மழைப்பூச்சு அடிக்க வேண்டும், கை இன்னும் முழுசாகத் தேறவில்லை, முடிந்தால் வாருங்கள் என்று பூங்கோதை போனில் சொன்னாள். போனேன். வளைவுகளில் இட்லி இன்றும் தங்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கும் மலைக்கும் சமரசம் ஆகாது.

காய்ந்த கூடாரத்தை நிறுத்தி, அகலப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகப் பூச்சு அடித்தோம். தையல் ஓரங்களில் இரண்டு தடவை. அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஓரிடத்தில் திட்டாகிவிட்டது. "பரவால்லீங்க" என்றாள்.

வேலை முடிந்து டீ போட்டாள். நான் கேட்காமலே பேச ஆரம்பித்தாள். போன வாரம் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்டர், கூடாரத்துக்கு வெளியே யாரோ சலங்கை கட்டிக்கொண்டு நடக்கிறார்கள் என்று மனைவியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தான் மேலே ஏறிப் போர்வைக்குள் ஒளிந்துகொண்டாராம். வந்தது முள்ளைக் குலுக்கிக்கொண்டு ஒரு முள்ளம்பன்றி. முளைக்குப் பக்கத்தில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்ததாம். காண்ட்ராக்டரின் கட்டைக் குரலை அப்படியே செய்து காட்டினாள். கட்டிலுக்கடியிலிருந்து அவர் மனைவி திட்டிய குரலையும். முள்ளம்பன்றியின் நடையைக்கூட, கட்டுப் போட்ட கையை ஆட்டிக்கொண்டு. இவளுக்குக் குரல் மாற்றிப் பேச வரும் என்று எனக்குத் தெரியாது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ சட்டையில் கொட்டியது. நான் சிரிப்பதைப் பார்த்து அவள் சந்தேகமாக நிறுத்தி, பிறகு தானும் சிரித்தாள்.

கதை பாதியில் இருக்கும்போது, கீழே வளைவில் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அவள் நிறுத்திவிட்டாள். என் பை பக்கத்திலேயே இருந்தது. நான் எழுந்திருக்கிறேனா என்று பார்த்தாள். நான் எழவில்லை. நடுவில் செருகத் தோதாக ஒன்று வாய்வரை வந்திருந்தது. அதை டீயோடு விழுங்கினேன்.

பஸ் ஏறி வந்து, நின்று, கிளம்பிப் போகிற சத்தம் அடங்கும்வரை இருவரும் சும்மா இருந்தோம்.

"அப்புறமுங்க," என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். "டார்ச்ச எடுத்துட்டு அந்த மனுசன் என்ன பண்ணுனாருன்னு தெரியுங்களா?"

"தெரியாது. சொல்லு" என்றேன்.